வருஷம் இல்லாத தேதி

22 ஜூன்
பெங்களூரு

பூபதி அண்ணனுக்கு,

சித்ரா எழுதுகிறேன். மூன்று வருஷம் கழித்துத் தங்கச்சியிடமிருந்து மெயில் வந்திருக்கிறதே, என்ன கெட்ட செய்தியோ என்று பதற வேண்டாம். இது ‘கரைத்தகவல்’ பிளாக் சம்பந்தமான கடிதம். அது மட்டும்தான்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், காலேஜ் கடைசி வருஷத்தில், நான் செய்து கொடுத்த பிளாக் அது. இன்னும் என் மெயில்தான் அதற்கு அட்மின். தினமும் காலை ஆறு மணிக்கு நீங்கள் போடும் மூன்று வரிகளை நானும் பார்க்கிறேன். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், எவ்வளவு திறக்கிறார்கள், ஆற்றில் இறக்கி வைத்திருக்கும் மோட்டார்களை மேலே ஏற்றுவதா வேண்டாமா. நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிவதும் அந்த மூன்று வரியில்தான். அதை ஒரு நாளும் தப்பவிட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் புதுப் போனில் திறந்தால் மூன்றாவது வரியைக் காணோம். ‘இதுவரை பார்த்தவர்கள்’ என்ற எண்ணிக்கைப் பெட்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஜேடர்பாளையத்தில் இப்போது யார் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள்? எல்லாரும் போன்தான். ‘மோட்டார் மேலே’ என்பது கண்ணில் படவில்லை என்றால் அந்த பிளாக் இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன?

பச்சைப் பின்னணி, குறுக்கே ஓடும் சிவப்பு எழுத்து, மினுக்கும் அம்மன் படம். எல்லாம் என் கைவேலைதான், இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. இந்த வேலையைச் செய்துதான் சம்பளம் வாங்குகிறேன், சொந்த ஊர் பிளாக் இப்படிக் கிடக்கிறது. முழுசாக மாற்ற வேண்டும். ஜூலை இரண்டாம் வாரம் எனக்கு லீவு.

சம்மதமா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். போன் வேண்டாம். உங்கள் எண்ணை இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

சித்ரா


24-6-2025, செவ்வாய், காலை 7.15
ஜேடர்பாளையம்

அன்புள்ள சித்ரா கண்ணுக்கு,

உன் மெயிலை நாலு தடவை படித்தேன். சண்டை போடவாவது எழுதினாயே, சந்தோஷம்.

முதலில் ஒரு குறை. தேதியில் வருஷம் போடவில்லை. பள்ளிக்கூடத்து லீவு லெட்டரிலேயே போட மாட்டாய். ‘இந்த வருஷம்தானே நடக்குது, அதை வேற எதுக்கு எழுதோணும்’ என்பாய். முப்பத்து நாலு வயசாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாற்ற வேண்டும் என்பது சரி. ஆனால் இப்போது எதற்கு? ஆடி பிறக்கப் போகிறது. கர்நாடகத்தில் மழை பிடித்துவிட்டது. மேட்டூர் நிரம்பினால் திறந்துவிடுவார்கள், ஒரு பொழுதுக்குள் தண்ணீர் நம் கரையில் நிற்கும். இந்த இரண்டு மாசம்தான் ஜனங்கள் பிளாக்கை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பது.

அந்தப் பச்சையைக் குறை சொல்லாதே. நம் பக்கத்துக் காட்டு வெள்ளியங்கிரி இருக்கிறானே, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன், அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எருமை குளித்துக் கரையேறிவிடும். ஆனால் போனில் பச்சை தெரிந்தால் அவன் விரல் தானாகக் கடைசி வரிக்குப் போய்விடும். மூன்றாவது வரி தெரியாவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவான். பழகிப்போன முகம், அவ்வளவுதான்.

தை மாசம் செய். ஆறு வற்றிக் கிடக்கும், தப்பு நடந்தாலும் திருத்த நேரம் இருக்கும். நேரிலேயே வந்து செய்தால் இன்னும் நல்லது.

பூபதி


25 ஜூன்

அண்ணா,

தை மாசம் நான் எந்தக் கம்பெனியில் இருப்பேன், லீவு கிடைக்குமா என்பதெல்லாம் எனக்கே தெரியாது. வெள்ள மாசத்தில்தான் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்போது கடைசி வரி தெரியாமல் இருக்கட்டும், ஆறு வற்றிய பிறகு தெரிந்தால் போதும் என்கிறீர்கள். இது என்ன நியாயம்? வெள்ளியங்கிரி அண்ணன் உங்களைக் கூப்பிடுவார். உங்கள் நம்பர் இல்லாதவன் என்ன செய்வான்?

‘கொஞ்சம் பொறு’ என்பது உங்கள் வாயில் புதிதில்லை. அம்மா விஷயத்திலும் அதைத்தானே செய்தீர்கள்? விடிகாலையில் திடீரென்று போய்விட்டாள் என்று போனில் சொன்னீர்கள். அடித்துப் பிடித்து மத்தியானம் வந்து சேர்ந்தேன். சேலத்துச் சித்தி எனக்கு முன்பே, கசங்கிய சேலையோடு, ராத்திரியெல்லாம் தூங்காத கண்ணோடு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முந்தின நாளே தெரிந்திருக்கிறது, எனக்கு ஏன் தெரியவில்லை என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் பந்தல்காரரோடு பேசப் போய்விட்டீர்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை பேச மாட்டேன் என்றேன். இன்னும் வரவில்லை. ஆற்றில் ஒரு சாண் தண்ணீர் ஏறினால் கரை முழுக்கச் சொல்கிறவர், கூடப் பிறந்தவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

பிளாக்குக்கு வாருங்கள். சரியா, இல்லையா?

சித்ரா


2-7-2025, புதன், காலை 6.40
ஜேடர்பாளையம்

கண்ணு,

ஒரு வாரம் யோசித்தேன். சரி, செய். பச்சை போனால் போகட்டும். கடைசி வரி பெரிதாகத் தெரிய வேண்டும். பழைய வெள்ளக் காலத்துப் பதிவுகளை நிறையப் பேர் கேட்கிறார்கள், எந்த வருஷம் எவ்வளவு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க. அதுவும் சுலபமாகக் கிடைக்கும்படி வைத்துவிடு.

அம்மா விஷயம் மெயிலில் எழுதுகிற விஷயமில்லை. நேரில் பேசுவோம்.

பூபதி


13 ஜூலை

அண்ணா,

முடிந்தது. நேற்று மாற்றிவிட்டேன், போனில் திறந்து பாருங்கள். ‘மோட்டார் மேலே’ என்பது பாதித் திரைக்கு வருகிறது. வெள்ளியங்கிரி அண்ணன் கண்ணாடி போடாமலே படிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ‘அதிகம் படித்தவை’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட பழைய வெள்ளப் பதிவுகள் அதில் இருக்கின்றன. தேதியை நாள், மாதம் என்று சுருக்கிவிட்டேன், திரையில் இடம் மிச்சம்.

ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேருக்கு அனுப்பிக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்மன் படத்தை எடுக்கவில்லை. மினுக்குவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். அம்மா இருந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பாள்.

உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? மூன்று வரியில் அது வருவதில்லை.

சித்ரா


27-7-2025, ஞாயிறு, காலை 9.00

சித்ரா,

பிளாக்கைப் பழையபடி மாற்றிவிடு. இன்றைக்கே. பச்சை, ஓடுகிற எழுத்து, எல்லாம் அப்படியே வர வேண்டும். காரணம் கேட்காதே.

பூபதி


28 ஜூலை

அண்ணா,

நேற்று மாலையே மாற்றிவிட்டேன். எண்ணிக்கைப் பெட்டியை மட்டும் திரும்ப வைக்கவில்லை. இப்போது பச்சையிலேயே மூன்றாவது வரி தெரிகிறது. அந்த ஒரு பெட்டியை எடுத்திருந்தாலே போதும் போலிருக்கிறது, அதற்கு ஒரு வாரம் லீவு போட்டேன்.

ஆனால் காரணம் கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். யாராவது கேலி செய்தார்களா? வேலைக்காரியிடம் சொல்வதுபோல ‘மாற்றிவிடு’ என்கிறீர்கள். என்ன நடந்தது?

சித்ரா


30 ஜூலை 2025, புதன், மாலை 5.30
பெங்களூரு

அண்ணா,

மத்தியானம் பிளாக்கில் ஒரு கமெண்ட் வந்தது. நான் அட்மின் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். கமெண்ட் எல்லாம் என் மெயிலுக்குத்தான் வரும். அப்படியே கீழே எழுதுகிறேன்:

“பூபதியண்ணா, நான் வெள்ளியங்கிரி ஊட்ல பாவாயி, புள்ளைய உட்டு எழுதச் சொல்றேன். மோட்டார எறக்கலாம்னு இதுல போட்டிருந்ததப் பாத்துப்போட்டுத்தான் எங்கூட்டுக்காரரு விடிய எறக்குனாரு. எட்டு மணிக்கெல்லாம் தண்ணி வந்து அடிச்சுட்டுப் போயிருச்சு. ஆஸ்பத்திரில காலத் தூக்கிக் கட்டிப் போட்டிருக்கறாங்க. நீங்க போட்டத நம்பித்தானுங்க எறங்குனாரு. ஏனுங்ண்ணா இப்பிடிப் பண்ணீங்க?”

இதைப் படித்தபோது மீட்டிங்கில் இருந்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள் 25, 26 இரண்டு நாளும் ‘மோட்டார் மேலே’ என்றுதான் போட்டிருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன். அப்புறம் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்த என் புது வடிவத்தைத் திறந்து பார்த்தேன். மேலே என் பெட்டி. அதில் முதல் பதிவு: ‘25 ஜூலை. தண்ணீர் வடிகிறது. இனிப் பயமில்லை, மோட்டாரை இறக்கலாம்.’ அது 2018-இல் நீங்கள் எழுதியது. வருஷம் இல்லை. நான் எடுத்துவிட்டேன்.

26-ஆம் தேதி விடியுமுன் திறந்தவருக்கு அது முந்தின நாள் மாலை நீங்கள் போட்டதாகத்தான் தெரிந்திருக்கும்.

இது உங்களுக்குத் தெரிந்துதானே ‘காரணம் கேட்காதே’ என்று எழுதினீர்கள்? இரண்டாவது தடவை, அண்ணா. எனக்குச் சேர வேண்டிய செய்தியை இரண்டாவது தடவை மறைத்திருக்கிறீர்கள். அவர் எப்படி இருக்கிறார்? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

சித்ரா


31-7-2025, வியாழன், பகல் 1.20
நாமக்கல் ஆஸ்பத்திரி

கண்ணு,

ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

24-ஆம் தேதியே நான் சொன்னதைக் கேட்டு வெள்ளியங்கிரி மோட்டாரை மேலே ஏற்றிவிட்டான். இரண்டு நாள் கொடிக்காலுக்குத் தண்ணீர் இல்லை. இந்த வெயிலில் வெற்றிலை தலை சாய்த்துவிட்டது. சனிக்கிழமை விடியக்காலை ஐந்து மணிக்குப் போனைத் திறந்திருக்கிறான். நீ சொன்ன அந்த வரி. பாவாயியையும் கூட்டிக்கொண்டு போய் மோட்டாரை இறக்கிவிட்டான். ஆறு மணிக்கு நான் ‘மோட்டார் மேலே’ என்று போட்டபோது அவன் கொடிக்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். போன் சட்டையில், சட்டை மரத்தில்.

எட்டு மணிக்குத் தண்ணீர் ஏறிற்று. மோட்டாரைக் காப்பாற்ற இறங்கினான். பாறைக்கும் மோட்டாருக்கும் நடுவில் இடது கால் மாட்டிக்கொண்டது. அப்புறம் தண்ணீரே அவனைப் பிடுங்கிக்கொண்டு போய் நடு ஆற்றுத் திட்டில் ஒரு கருவேல மரத்தில் போட்டது. நான்கு மணி நேரம் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தான். பாவாயி கரையில் நின்று கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. நானும் நின்றேன். மீன்பிடிக்கிற பரிசல்காரர்கள் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. புண்ணில் ஆற்றுச் சேறு ஏறியிருக்கிறது. காலை எடுக்க வேண்டி வருமா என்பதை நாலு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள்.

நான்தான் கை தவறிப் பழைய பதிவைத் திரும்பப் போட்டுவிட்டேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். பாவாயியின் தம்பி வேலுமணி என் சட்டையைப் பிடித்தான். பிடிக்கட்டும் என்று நின்றேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் எழுத ஆரம்பித்தாய். ‘உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது’ என்று வேறு கேட்டிருந்தாய். இதைச் சொன்னால் அதுவும் நின்றுபோகும் என்று பயந்தேன். ஆடியில் வேண்டாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உன் நியாயத்தைக் கேட்டு நான் சரி சொல்லவில்லை. மாட்டேன் என்றால் நீ எழுதுவதை விட்டுவிடுவாய் என்றுதான் சொன்னேன். பழைய பதிவுகளைக் கேட்டதும் நான்தான். ஆகவே நான் சொன்னது முழுப் பொய்யுமில்லை.

பூபதி


1 ஆகஸ்ட் 2025, வெள்ளி, காலை 6.10

அண்ணா,

முழுப் பொய்தான். உங்கள் பயத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், என் தப்பை என்னிடம் கொடுங்கள்.

நாளை மாலை ஆறு மணிக்கு பிளாக்கில் இதைப் போடப் போகிறேன்:

“26 ஜூலை 2025, சனிக்கிழமை அன்று வெள்ளியங்கிரி அவர்கள் ஆற்றில் அடிபட்டதற்குக் காரணம் பூபதி அல்ல. 12 ஜூலை 2025 அன்று இந்த பிளாக்கின் வடிவத்தை மாற்றியவள் நான். 2018-ஆம் வருஷத்துப் பதிவை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதன் வருஷத்தை எடுத்ததும் நான். அவர் அதை இந்த வருஷத்துச் செய்தி என்று நம்பினார். யார் படித்திருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். என் பெயர் சித்ரா, பூபதியின் தங்கை. என் போன் எண் கீழே இருக்கிறது.”

ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன்.

சித்ரா


2-8-2025, சனி, காலை 7.30

அம்மிணி,

போடாதே. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே கோபம் இன்னும் ஆறவில்லை. நான் ஊரிலேயே கிடப்பவன், தினமும் முகத்தைப் பார்த்து நாலு திட்டு திட்டினால் அவர்களுக்கும் ஆறும். நீ பெங்களூரில் இருப்பவள். ‘அங்கே ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு ஆற்றோடு விளையாடினாளா’ என்று பேசுவார்கள். அந்தப் பேச்சு ஆறாது. நாளைக்கு நீ ஊருக்கே வர முடியாமல் போகும். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? என்னோடு போகட்டும்.

பூபதி


4 ஆகஸ்ட் 2025, திங்கள், காலை 5.50

அண்ணா,

போட்டுவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு நாளில் நாற்பத்தொரு போன் வந்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். வேலுமணி என்பவர் பேசியதை எழுத முடியாது. நீங்கள் சொன்ன ஏசி ரூம் வசனத்தை மூன்று பேர் அப்படியே சொன்னார்கள். திட்டுவதற்குக்கூட ஊரில் வேறு வார்த்தை இல்லையா?

நேற்று சாயங்காலம் பாவாயி அக்கா கூப்பிட்டார். பேர் சொன்னார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்: “ஏங் கண்ணு, நீயி நம்மூர்ல பொறந்த புள்ளதான? மழ மாசத்துல யாராச்சும் ஊட்டுக் கூரைய பிரிப்பாங்களா?”

இல்லைங்க அக்கா என்றேன். “அது தெரியுதில்ல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நாற்பத்தொரு பேரில் என்னை அழவைத்தது அவர்தான். நீங்கள் தை மாசம் என்று எழுதியபோதே எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். கடைசி வரி தெரியவில்லை என்பது உண்மை, மாற்ற வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் நான் லீவு கிடைத்த நாளைப் பார்த்தேன், ஆற்றைப் பார்க்கவில்லை. உங்கள் ‘கொஞ்சம் பொறு’வுக்கு எதிராக ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் கால் என்ன ஆயிற்று? பாவாயி அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சித்ரா


9-8-2025, சனி, மாலை 4.20
ஜேடர்பாளையம்

சித்ரா கண்ணுக்கு,

கால் தப்பித்தது. நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். தாங்கித் தாங்கித்தான் நடப்பான், ஆனால் சொந்தக் காலில் நடப்பான். இதை முதலில் எழுதிவிட்டேன், மூச்சு விட்டுக்கொள்.

ஆடிப் பதினெட்டன்று மறுபடியும் தண்ணீர் ஏறிற்று. காலையில் ‘மோட்டார் மேலே’ என்று போட்டேன். பத்து நிமிஷத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் எல்லாரும் ஒரே கேள்வி: “இது எந்த வருசத்துதுங்க?” கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்கள். ஒருவரும் மோட்டாரைத் தொடவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கரையோரம் ஒவ்வொரு காடாகப் போய், “இன்னிக்குங்க, ஆடிப் பதினெட்டு, ரெண்டாயிரத்து இருவத்தஞ்சு” என்று கத்திவிட்டு வந்தேன். பதினொரு மோட்டார் ஏறிற்று. இரண்டு போய்விட்டது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. பதிமூன்று வருஷமாகச் சேர்த்த நம்பிக்கை, கண்ணு. மறுபடியும் சேர்க்க வேண்டும். நாம் இரண்டு பேரும்தான் சேர்க்க வேண்டும்.

உன் பதிவைப் பிரிண்ட் எடுத்து டீக்கடையில் ஒட்டியிருக்கிறார்கள். திட்டுவதற்குத்தான் ஒட்டினார்கள். நேற்று வேலுமணி அதைப் பார்த்துக்கொண்டே, “பொம்பளப் புள்ள தேதி போட்டு ஒத்துக்கிச்சு, நீங்க பொய் சொன்னீங்க” என்று என்னிடம் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது ஒரு பொய்தான். எனக்கு இன்னொன்றும் தெரியும். ஆகவே நானும் தேதி போட்டு எழுதுகிறேன்.

11 மார்ச் 2022, வெள்ளிக்கிழமை, மாலை 4.20. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க, ராத்திரி தாண்டாது” என்றார். 4.40-க்குச் சேலத்துச் சித்திக்குப் போன் செய்தேன். உனக்குச் செய்யவில்லை.

அதற்கு முன் இரண்டு தடவை நான் கூப்பிட்டு நீ ஓடி வந்தாய். இரண்டு தடவையும் அம்மா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். இரண்டாவது தடவை பஸ் ஏறும்போது, “இனிமே உறுதியாத் தெரிஞ்சாக் கூப்பிடுங்க, சும்மாச் சும்மா ஓடி வர முடியாது” என்றாய். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. எனக்கு அது முள் மாதிரி தைத்துக்கொண்டு இருந்தது. சரி, உறுதியாகத் தெரியட்டும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று இருந்தேன். அதில் உன்மேல் இருந்த கோபம் பாதி.

ஆற்றுக்கு நான் ஒரு நாளும் அப்படிக் காத்திருந்ததில்லை. பத்து தடவை ‘மேலே’ என்று போட்டு ஆறு தடவை தண்ணீர் வராமல் போயிருக்கிறது. எல்லாரும் திட்டியிருக்கிறார்கள். ஏழாவது தடவையும் போட்டிருக்கிறேன். உனக்கு மட்டும் போடவில்லை.

ராத்திரி 11 மணிவரை அம்மாவுக்கு நினைவு இருந்தது. “சின்னவ எப்ப வாரா?” என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும், “கெளம்பிட்டாளாமா, வந்துட்டிருக்கறா” என்று சொன்னேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதாவது வெளியே போய் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நான் சொன்னது பொய்யென்று ஆகிவிடும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 12 மார்ச், சனிக்கிழமை, காலை 5.10-க்குப் போய்விட்டாள். 5.30-க்கு உன்னைக் கூப்பிட்டுத் திடீரென்று நடந்துவிட்டது என்றேன்.

4.40-லிருந்து 5.10 வரை பன்னிரண்டரை மணி நேரம். பெங்களூரிலிருந்து ஆறு மணி நேரத்தில் வந்திருப்பாய். இதைப் பந்தல்காரனிடம் போய் ஒளிந்துகொண்டு மறைத்தேன். மூன்று வருஷமாக மறைத்தேன். வயசுக்கு மூத்தவன், மன்னித்துவிடு என்று கேட்க நாக்கு எழவில்லை. எழுதுகிறேன். மன்னித்துவிடு.

பூபதி


10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, காலை 6.25
பெங்களூரு

அண்ணா,

நேற்று சாயங்காலம் படித்தேன். அப்புறம் இப்போதுதான் எழுத முடிகிறது.

நான் பஸ் ஏறும்போது சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒரு நாளும் மறந்ததில்லை. உங்களுக்கு மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்லாததற்கு அதுதான் காரணமோ என்ற பயத்தில்தான் உங்கள்மேல் இவ்வளவு சத்தம் போட்டேன்.

கோபம் போகவில்லை. பொய் எழுத மாட்டேன். பன்னிரண்டரை மணி நேரம், அண்ணா. அதை எப்படித் தாண்டுவது என்று தெரியவில்லை. ஆனால் நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அம்மா கண்ணை மூடியிருக்கிறாள். அதற்கு உங்களைக் கும்பிடுவதா அடிப்பதா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். நேரில் பார்த்தபிறகு முடிவு செய்கிறேன்.

பச்சை அப்படியே இருக்கட்டும். மூன்று வரிக்கு மேலே தேதி மட்டும் வைத்திருக்கிறேன், கிழமை, வருஷம் எல்லாம் சேர்த்து, பெரிய எழுத்தில். இன்றைக்குக் காலைப் பதிவில் பார்த்திருப்பீர்கள். மிச்சத்தைத் தை மாசம் செய்யலாம், வெள்ளியங்கிரி அண்ணன் கையில் போனைக் கொடுத்து, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அவரையே கேட்டு.

இன்றைக்கு அவரைப் பார்க்க வேண்டும். பாவாயி அக்காவிடம் நேரில் திட்டு வாங்க வேண்டும். சேலம் வழி பஸ், மத்தியானம் ஒரு மணிக்கு நாமக்கல். ஆஸ்பத்திரி வாசலில் நில்லுங்கள். உங்கள் நம்பருக்கு வைத்த தடையை எடுத்துவிட்டேன், இனிக் கூப்பிடலாம்.

மணி ஆறரை. பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை அனுப்புகிறேன். கெளம்பிட்டேன் அண்ணா, வந்துட்டிருக்கேன்.

சித்ரா